தொடக்கப் பள்ளி ஆசிரியரின் நம்பிக்கை எதில் தெரியும்?

கேள்வி இது: "தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு முடித்திருக்கிறேன். ஒரு பள்ளியில் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். கற்பித்தல், கற்றல் பற்றிய உங்கள் நம்பிக்கைகளை ஒரு பக்கம் எழுதி எடுத்து வாருங்கள் என்கிறார்கள். என்ன எழுதுவது? ஒரு நல்ல தொடக்கப் பள்ளி ஆசிரியர் உண்மையில் எதை நம்புவார்?"

நான் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவன். பிறகு வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். இந்த மாதிரிப் பக்கங்கள் நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஒரே வரிகள்தான் இருக்கும். ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது, ஆசிரியர் ஒரு வழிகாட்டி, கற்றல் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். எதுவும் பொய்யில்லை. ஆனால் நல்ல ஆசிரியரும் இதையே எழுதுவார், வகுப்பில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவரும் இதையே எழுதுவார். படிக்கிறவருக்கு இருவரையும் பிரித்துப் பார்க்க வழி இல்லை.

என் கணக்கில் ஆசிரியரின் நம்பிக்கை தெரியும் இடம் ஒன்றுதான். ஒரு பிள்ளை தப்பான விடை சொன்னதும், அடுத்த ஒரு நிமிடம் அவர் என்ன செய்கிறார் என்பது. மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது.

மூன்றாம் வகுப்புக் கழித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 52 – 28. ஒரு பிள்ளை 36 என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் இருப்பது 34 என்று எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, சரியான விடை 24 என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. பல வகுப்புகளில் அப்படித்தான் முடிகிறது. ஆனால் இந்த இரண்டு தப்பும் ஒரே தப்பு இல்லை. 36 எழுதிய பிள்ளை, ஒன்றாம் இடத்தில் 2-ஐயும் 8-ஐயும் பார்த்து, எட்டிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது. சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது என்று முதல் வகுப்பில் நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். பிள்ளை சொன்னதைக் கேட்டு நடந்திருக்கிறது, அவ்வளவுதான். 34 எழுதியதோ விஷயம் தெரிந்த பிள்ளை. ஐந்து பத்திலிருந்து ஒரு பத்தை எடுத்து 12 ஆக்கி, அதில் 8 கழித்து 4 எழுதியிருக்கிறது. எடுத்த பத்தைக் குறைக்க மறந்துவிட்டது. முதல் பிள்ளைக்குப் பத்து என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவதுக்கு ஒரு நினைவூட்டல் போதும்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் குழந்தைகளின் கழித்தல் தவறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவற்றில் பல கவனக்குறைவால் வந்தவை அல்ல. பிள்ளை மனதில் ஒரு தவறான விதி இருக்கிறது, அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. ஆகவே அடுத்த கணக்கிலும் அதே இடத்தில் விழும். சோதித்துப் பாருங்களேன். 36 எழுதிய பிள்ளைக்கு 70 – 34 கொடுங்கள். 44 என்று வந்தால் உங்களுக்கு நோய் தெரிந்துவிட்டது.

மருந்து தீக்குச்சிக் கட்டுதான். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி. "இதிலிருந்து 28 குச்சி எனக்குக் கொடு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மூடிக்கொள்வதுதான் கஷ்டம். பிள்ளை இரண்டு கட்டைத் தூக்கிக் கொடுக்கும். அப்புறம் உதிரி இரண்டைப் பார்க்கும், உங்களைப் பார்க்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு, "சார், இதை அவுக்கலாமா?" என்று கேட்கும். அந்தக் கேள்வி பிள்ளையிடமிருந்து வந்த பிறகு, அதை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்று சொல்லிக்கொடுப்பது ஐந்து நிமிட வேலை. கேள்வி வராமலேயே நாம் முந்திக்கொண்டு கட்டை அவிழ்த்துக் காட்டினால், அது நாம் போட்ட கணக்கு.

எண்களை எழுதுவதிலும் இதே கதைதான். நூற்று நான்கு என்று சொன்னால் 1004 என்று எழுதும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறோம். அது நூறை எழுதிவிட்டு நான்கை எழுதியிருக்கிறது. காதில் விழுந்ததை வரிசை மாறாமல் எழுதியிருக்கிறது. தொண்ணூறு சொல்லும்போது நூறும், தொள்ளாயிரம் சொல்லும்போது ஆயிரமும் காதில் விழுகின்றன. அங்கே தடுமாறும் பிள்ளையின் காது நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆணிமணிச் சட்டத்தில் நூற்று நான்கைப் போட்டுக் காட்டச் சொன்னால், பத்துக்கான ஆணி காலியாக இருப்பதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இனி வாசிப்பு. பேச்சு தானாக வரும், வாசிப்பு தானாக வராது. இதை நம்பாதவர் ஒன்றாம் வகுப்புக்குப் போகக் கூடாது. அ, ஆ, இ, ஈ என்று மொத்த வகுப்பும் ராகம் போட்டுப் பாடும், வெளியில் நின்று கேட்கிறவருக்கு ரொம்பத் திருப்தியாக இருக்கும். நடுவில் இருக்கும் 'ஏ'வைத் தொட்டு இது என்ன என்று கேட்டால், பிள்ளை முதலிலிருந்து பாடி விரலால் எண்ணிக்கொண்டே வந்துதான் சொல்லும். அதற்குப் பாட்டுத் தெரியும், எழுத்துத் தெரியாது. தமிழில் பிள்ளைகள் முட்டிக்கொள்ளும் இடங்கள் அனுபவமுள்ள ஆசிரியருக்கு அத்துப்படி. கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'கொ'வில் ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கால். கண் இடமிருந்து வலமாகப் போகிறது, வாய்க்கோ நடுவில் இருப்பதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. 'கொடி'யைக் 'கெ... காடி' என்று படிக்கும் பிள்ளை பார்த்ததைப் பார்த்தபடி படிக்கிறது. 'பட்டம்' என்பதைப் 'படடம' என்று படிப்பது இன்னொரு வகை. அதற்கு மெய்யெழுத்தின் புள்ளி இன்னும் கண்ணில் படவில்லை. இதற்கும் அதற்கும் ஒரே பயிற்சியாக, "பத்துத் தடவை எழுதிட்டு வா" என்றால் கைதான் வலிக்கும்.

வீட்டுப் பேச்சு பற்றியும் ஒரு நிலைப்பாடு வேண்டும். "சார், எங்கூட்டுல ஆடு குட்டி போட்டுச்சு" என்று ஓடி வந்து சொல்லும் பிள்ளையிடம், "எங்கள் வீட்டில் என்று சொல்" என்று திருத்தினால், மறுநாள் மாடு கன்று போட்டாலும் அது உங்களிடம் சொல்லாது. முதலில் எத்தனை குட்டி என்று கேளுங்கள். சொல்லி முடித்த பிறகு அதே செய்தியை நீங்கள் எழுத்து வழக்கில் கரும்பலகையில் எழுதிப் படிக்கவிடலாம். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வருகிற பிள்ளைகள் உண்டு. திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் உண்டு. தமிழ் தெரியாத பிள்ளை ஒன்றும் தெரியாத பிள்ளை என்று நினைக்கிற ஆசிரியரின் வகுப்பில் அவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தே ஆண்டை முடித்துவிடுவார்கள். அதே பிள்ளையிடம் புளியங்கொட்டையைக் கொடுத்துக் கூட்டச் சொல்லிப் பாருங்கள்.

தப்பான விடைக்குப் பின்னால் யோசனை இருக்கிறது என்று நம்பினால், கேள்வி கேட்கும் முறையும் மாறிவிடும். நம் வகுப்புகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி "புரிஞ்சுதா?" என்பது. பதிலும் எல்லோருக்கும் தெரியும்: "புரிஞ்சுது சாாார்." இதைவிட வீணான கேள்வி கிடையாது. "எப்படி வந்துச்சு, சொல்லு" என்பதுதான் கேள்வி. அதைச் சரியான விடை சொன்ன பிள்ளையிடமும் கேட்க வேண்டும். தப்பு வந்தால் மட்டும் கேட்டால், "எப்படி?" என்று ஆசிரியர் கேட்டாலே விடையை அழித்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். படு சூட்டிகை.

கேட்ட பிறகு காத்திருக்கவும் வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீளமாயின, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது கேட்க ஒன்றும் இல்லாதது போல் இருக்கும். வகுப்பில் நின்று பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும்.

அடி விஷயத்துக்கு வருகிறேன். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை விட்டுப் போகும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் இருப்பதால் அடிக்காதவரையும், நம்பிக்கையால் அடிக்காதவரையும் வகுப்பில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடலாம். முன்னவர் கையை ஓங்க மாட்டார், வாயால் அடிப்பார். பயந்த பிள்ளை முதலில் செய்வது தப்பை மறைப்பது. பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும், அல்லது எழுதாமல் "நோட்டு வீட்ல இருக்கு" என்று சொல்லும். தப்பே கண்ணில் படாவிட்டால் ஆசிரியர் எதை வைத்து வேலை செய்வார்?

வயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதிய உணவு தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் பழையது. 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. காலை உணவு வந்தது 2022 செப்டம்பரில், மதுரையில் தொடங்கி. நடுவில் இருந்த அத்தனை ஆண்டுகளும் பிள்ளைகளில் பலர் முதல் பாடவேளையை வெறும் வயிற்றோடு கடந்தார்கள். பத்து மணிக்குச் சுருண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது சாப்பிட்டாயா என்பதை. கணக்கு அப்புறம்.

சரி, இத்தனையும் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்தால் செய்யலாம், நம் பள்ளிகளில் நடக்குமா என்று கேட்பீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அதாவது ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ எமிஸ் என்ற இணையப் பதிவு வேலைக்கோ போய்விட்டால் ஒருவர். ஆசிரியர் பேசுவார், எல்லோரும் கேட்டுக் கற்பார்கள் என்ற நம்பிக்கை இங்கே நடைமுறையிலேயே உடைந்துபோகிறது. ஒரே அறையில் இருக்கும் மூன்று வகுப்புக்கு ஒரே நேரத்தில் யாராலும் பேச முடியாது.

செயல்வழிக் கற்றல் வந்தது இந்த இடத்தில்தான். ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான முறையிலிருந்து எடுத்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். 2007 வாக்கில் மாநிலம் முழுதும் போனது. பாடம் அட்டைகளாகப் பிரிந்தது, பிள்ளை தன் வேகத்தில் ஏணிப்படியில் ஏறியது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது, ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு கட்டம். பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் கம்பிப் பந்தலில் தொங்கின. இதைக் கேலி செய்த ஆசிரியர்கள் நிறையப் பேர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பல பள்ளிகளில் அட்டையே சடங்காகிவிட்டது. பிள்ளை அட்டையை எடுக்கும், வைக்கும், அடுத்த அட்டைக்குப் போகும், ஆசிரியர் பதிவேட்டில் குறிப்பார். ஆனால் பாயில் உட்கார்ந்ததன் பலனை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிள்ளை எழுதும்போதே அதன் கையைப் பார்க்க முடிந்தது. முடித்த பிறகு நோட்டைத் திருத்துகிறவருக்கு விடை மட்டுமே தெரியும். எழுதும்போது பார்க்கிறவருக்கு எந்த எண்ணில் தொடங்கியது, எங்கே நின்றது, எதை அழித்தது எல்லாம் தெரியும்.

கொரோனாக் கால மூடலுக்குப் பிறகு, 2022-இல் வந்தது எண்ணும் எழுத்தும் திட்டம். முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளைகளை அவர்கள் இருக்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துவது. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எழுத்தே தெரியாத பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஒரே ஒரு ஆபத்து. "அவன் அரும்பு சார்" என்று பிள்ளைக்கே அது பெயராகிவிடுவது. 1968-இல் ரோசென்தால், ஜேக்கப்சன் இருவரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்றில், குலுக்கல் போல எடுத்த சில பிள்ளைகளைக் காட்டி, இவர்கள் இந்த ஆண்டு மலரப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியதாகத் தெரிந்தது. அந்த விளைவு எவ்வளவு பெரியது என்று பின்னால் ஆய்வாளர்கள் நிறையவே சண்டை போட்டார்கள். ஆனால் யாரை அதிகம் கேட்கிறோம், யாருக்கு அதிக நேரம் காத்திருக்கிறோம் என்பது நாம் அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதற்கு ஆய்வு தேவையில்லை, உங்கள் வகுப்பை ஒரு நாள் கைப்பேசியில் பதிந்து கேட்டால் போதும். அரும்பு இந்த மாதம் எந்த எழுத்துகளில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் குழு பயன்படுகிறது. சொல்லத் தெரியாவிட்டால் அது இட ஒதுக்கீடு மட்டும்தான், உட்காரும் இடம்.

மதிப்பெண் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். 2012-13 முதல் நம்மிடம் முப்பருவ முறை, பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று வந்தது. யோசனை நல்லது. நடைமுறையில் வளரறி என்பது சார்ட்டு ஒட்டுவதாகவும், பதிவேட்டை நிரப்புவதாகவும், ஊர்ப் பக்கம் அம்மா அப்பா செய்து கொடுத்த மாதிரிகளை அடுக்குவதாகவும் போன இடங்கள் அதிகம். ரூத் பட்லர் என்பவர் 1988-இல் இஸ்ரேலில் செய்த ஆய்வு எனக்குப் பிடிக்கும். குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தவர்கள் முன்னேறவில்லை. எண்ணைப் பார்த்ததும் எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள்? ஆகவே நோட்டில் 'நன்று' என்று எழுதுவதைவிட, "எடுத்த பத்தைக் குறைத்தாயா, பார்" என்று எழுதுங்கள். எல்லா நோட்டிலும் தினமும் முடியாது. ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொண்டால் முடியும்.

எதை எழுதக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். சில பிள்ளைகள் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், சிலர் செய்து கற்பவர்கள், அந்தந்த வகைக்கு ஏற்பக் கற்பிப்பேன் என்று எழுதாதீர்கள். பயிற்சி நிறுவனங்களில் இன்னும் இதைச் சொல்லித் தருகிறார்கள், கேட்கவும் அழகாக இருக்கிறது. அப்படி வகை பிரித்துக் கற்பித்தால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று 2008-இல் ஹெரால்டு பாஷ்லரும் கூட்டாளிகளும் ஆய்வுகளை அலசிச் சொன்னார்கள். பின்னங்களை எல்லாப் பிள்ளையும் பார்க்கவும் வேண்டும், கேட்கவும் வேண்டும், வெட்டிப் பார்க்கவும் வேண்டும்.

இன்னொன்று, மனப்பாடமே கூடாது என்பது. இதில் என் தலைமுறை ஆசிரியர்களோடும் புதியவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. ஏழெட்டு ஐம்பத்தாறு நாக்கு நுனியில் இருக்கிற பிள்ளைக்குத்தான் நான்காம் வகுப்பு வகுத்தல் கணக்கில் யோசிக்க இடம் மிஞ்சும். விரல் விட்டு எண்ணுகிற பிள்ளை பாதியில் கணக்கு எதைக் கேட்டது என்பதையே மறந்துவிடும். குச்சிக் கட்டில் புரிந்த பிறகு வாய்பாடு. வரிசை அதுதான், இரண்டில் ஒன்று என்பது இல்லை. ஆத்திசூடியும் அப்படித்தான். பொருள் முழுதும் பிறகு வரட்டும், ஓசை இப்போதே உள்ளே போகட்டும்.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருவோம். பயிற்சிக் காலத்தில் பள்ளிக்குப் போய்ப் பாடம் எடுத்திருப்பீர்கள். அதில் ஒரு பிள்ளை சொன்ன ஒரு தப்பான விடையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், வகுப்பு போதும். அது என்ன எழுதியது, அது எப்படி யோசித்திருக்கும் என்று நீங்கள் நினைத்தீர்கள், அதை உறுதி செய்துகொள்ள என்ன கேட்டீர்கள், பிறகு என்ன செய்தீர்கள், மறுநாள் என்ன ஆயிற்று. முக்கால் பக்கம் இதற்குப் போகட்டும். பலன் அரைகுறையாக இருந்திருந்தால் அப்படியே எழுதுங்கள். மிச்சக் கால் பக்கத்தில், இதனால் நான் இப்படி நம்புகிறேன் என்று இரண்டு மூன்று வரி. 'குழந்தை மையக் கல்வி' போன்ற சொல் ஒன்றுகூட வராமல் எழுத முடிகிறதா பாருங்கள். வரும் இடத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று எழுதினால் சொல் தேவைப்படாது.

நேர்காணலில் உங்களிடம், "நாற்பது பேர் வகுப்பில் இதெல்லாம் எப்படி முடியும்?" என்று நிச்சயம் கேட்பார்கள். எல்லோரிடமும் தினமும் முடியாது என்றே சொல்லுங்கள். ஒரே தப்பைச் செய்கிற பிள்ளைகளை அன்றைக்கு மட்டும் ஒன்றாக உட்காரவைப்பேன், பத்து நிமிடம் அவர்களோடு இருப்பேன், மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் என் உதவி இல்லாமல் செய்யக்கூடிய வேலை கொடுப்பேன் என்று சொல்லலாம். அந்த வேலை என்ன என்று அவர்கள் அடுத்துக் கேட்பார்கள். அதற்கு ஒரு பதிலை வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு போங்கள். கடைசியில் நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்றால், மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்றைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதில் அழித்த தடமே இல்லாமல் எல்லாப் பக்கமும் அச்சடித்த மாதிரி இருந்தால், கரும்பலகையைப் பார்த்து எழுதிய நோட்டு அது. அந்த வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் ஒரு தடவை யோசியுங்கள்.